"இந்த வேலை போனா அடுத்து என்ன?" - சுங்குவார்சத்திரத்தைப் புரிஞ்சுக்க ஒரு கேள்வி போதும்!

ஷிஃப்ட் மாறுற நேரத்துல சுங்குவார்சத்திரம் பக்கம் போயிருக்கீங்களா? சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமா கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். கழுத்துல ஐ.டி கார்டோட இறங்குற கூட்டம் ஒரு பக்கம், ஏறுற கூட்டம் இன்னொரு பக்கம். ஃப்ரிட்ஜ், டி.வி, செல்போன், கார், கண்ணாடினு நம்ம வீட்டுல இருக்கிற பாதிப் பொருள் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்துலதான் தயாராகுது. அங்கே டீக்கடையில அஞ்சு நிமிஷம் நின்னா, நாட்டு நடப்பைப் பத்தி நாலு கருத்தாவது காதுல விழும்.

"ஸ்ட்ரைக் பண்ணா கம்பெனி மூட்டையைக் கட்டிட்டுப் போயிடும்ணே."

"பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் கொடுக்குறாங்க. அப்புறம் என்ன குறை?"

"இலவசம் கொடுத்துக் கொடுத்தே ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க தம்பி."

"வடநாட்டுக்காரங்க வந்ததாலதான் நமக்குச் சம்பளம் ஏறல."

இந்த நாலுல ஒண்ணாவது உங்க வாட்ஸ்அப் குரூப்லயும் வந்திருக்கும். நீங்களே ஃபார்வர்டும் பண்ணியிருக்கலாம். ஒரு பொருளாதார நிபுணர் இதையெல்லாம் கேட்டா, உடனே சரி, தப்புனு சொல்ல மாட்டார். ஒரு கேள்வி கேட்பார். "சம்பந்தப்பட்ட ஆளுக்கு வேற வழி என்ன இருக்கு?"

அந்த ஒரு கேள்வியை வெச்சே இந்த வட்டாரத்துல நடக்கிற பெரும்பாலான விஷயங்களைப் புரிஞ்சுக்கலாம். உங்க கையில இருக்கிற ஆஃபர் லெட்டரையும்தான்.

வாடகை வீட்டுக் கணக்கு

அடுத்த மாசத்துல இருந்து வாடகை ஆயிரம் ரூபாய் கூடும்னு ஹவுஸ் ஓனர் சொல்றார்னு வைங்க. பக்கத்துத் தெருவுல இதே மாதிரி வீடு காலியா இருந்தா, "ஐந்நூறு ஏத்திக்கோங்க சார்"னு தைரியமா பேசுவீங்க. வேற வீடே கிடைக்காது, புள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸும் கட்டியாச்சுன்னா, கேட்ட காசைக் கொடுத்துட்டு வாயை மூடிக்குவீங்க. வீடு அதேதான், ஓனரும் அதே ஆள்தான். உங்களுக்கு இருக்கிற மாற்று வழிதான் பேரத்தைத் தீர்மானிக்குது.

சம்பளமும் இப்படித்தான். நீங்க எவ்வளவு உழைக்கிறீங்க, எவ்வளவு படிச்சிருக்கீங்கங்கிறதோட, "இந்த வேலை இல்லைன்னா உங்களுக்கு என்ன கிடைக்கும்?"ங்கிறதும் சேர்ந்துதான் அதை முடிவு செய்யுது. கம்பெனிக்கும் இதே கணக்கு உண்டு. "இந்த ஆள் இல்லைன்னா வேற யார்? இந்த ஊர் இல்லைன்னா வேற எங்கே?" அரசாங்கத்துக்கும் உண்டு. மூணு பேரும் ஒரே மேஜையில உட்கார்ந்து சீட்டாடுறாங்கன்னு வெச்சுக்கோங்க. யார் கையில நல்ல சீட்டு இருக்குங்கிறதுதான் விஷயம்.

நல்ல சம்பளம் வாங்குறவங்க ஏன் ஸ்ட்ரைக் பண்ணாங்க?

2024 செப்டம்பர் 9. சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலையில ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க. ஃப்ரிட்ஜ், டி.வி, வாஷிங் மெஷின் தயாரிக்கிற அந்த ஆலை 2007-லிருந்து இயங்குது. போராட்டம் 37 நாள் நீடிச்சது. சம்பள உயர்வும் கேட்டாங்க. ஆனா, முக்கியமான கோரிக்கை, தங்களோட சங்கத்தை அங்கீகரிக்கணும்ங்கிறதுதான்.

அப்போ நிர்வாகம் ஒரு தகவல் சொன்னது. இந்த வட்டாரத்துல இதே மாதிரி வேலை பார்க்கிறவங்களோட சராசரிச் சம்பளத்தைப் போல 1.8 மடங்கு தாங்க கொடுக்கிறோம்னு. அதைக் கேட்டு நிறைய பேர், "பக்கத்துக் கம்பெனியைவிட அதிகமா வாங்கிட்டு, அப்புறம் எதுக்குப் போராட்டம்?"னு கேட்டாங்க.

பொருளாதார நிபுணருக்கு இதுல ஆச்சர்யம் இருக்காது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன்னு ஒருத்தர் 1970-ல ஒரு புத்தகம் எழுதினார். ஒரு இடத்துல மனக்குறை இருந்தா மனுஷனுக்கு ரெண்டு வழி இருக்குங்கிறார். ஒண்ணு, வெளியேறுறது. இன்னொண்ணு, உள்ளேயே இருந்து குரல் கொடுக்கிறது. வெளியேறுறது சுலபமா இருந்தா, பெரும்பாலும் சத்தமில்லாம வெளியேறிடுவாங்க. ஒரு ஹோட்டல்ல சாம்பார் சரியில்லைன்னா நீங்க தர்ணா பண்ண மாட்டீங்க. அடுத்த முறை வேற ஹோட்டலுக்குப் போயிடுவீங்க, அவ்வளவுதான்.

இப்போ அந்த 1.8 மடங்கைத் திரும்பிப் பாருங்க. வெளியே போனா சம்பளம் ஏறக்குறைய பாதியாயிடும்னா, பத்து வருஷம் வேலை பார்த்த ஒருத்தர் எப்படி வெளியேறுவார்? வீட்டுக் கடன், புள்ளைங்க படிப்புனு எல்லாம் இந்தச் சம்பளத்தை நம்பித்தான் ஓடுது. அவருக்கு மிச்சமிருக்கிற வழி, குரல். ஒத்தை ஆளா குரல் கொடுத்தா மேனேஜர் ரூமோட முடிஞ்சிடும். அதனால சங்கம்.

நம்ம ஊருக்கு இது புதுசில்ல. நவீன இந்தியாவோட முதல் தொழிற்சங்கங்கள்ல ஒண்ணான 'மெட்ராஸ் லேபர் யூனியன்' 1918-ல பின்னி மில் தொழிலாளர்களுக்காக இதே சென்னையிலதான் ஆரம்பிச்சது. திரு.வி.க அதுல முக்கியமான தலைவர். நூறு வருஷம் தாண்டியும் அதே பிரச்னைதான். சாம்சங் தொழிலாளர்களோட சங்கப் பதிவு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2025 ஜனவரி கடைசியிலதான் கைக்கு வந்தது.

கம்பெனி ஓடிப்போயிடுமா?

இந்தப் பயம் சும்மா வந்ததில்ல. ஸ்ரீபெரும்புதூர்க்காரங்களுக்கு நோக்கியாவை மறக்க முடியாது. 2006-ல உற்பத்தியைத் தொடங்கின தொழிற்சாலை, ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு, குறிப்பா பெண்களுக்கு முதல் வேலையைக் கொடுத்தது. 2014 நவம்பர் 1-ல மூடினாங்க. மறைமலை நகர்ல ஃபோர்டு, 2022-ல கார் தயாரிக்கிறதை நிறுத்தினது.

ரெண்டும் மூடினதுக்குக் காரணம் என்னன்னு பாருங்க. நோக்கியா விஷயத்துல பெரிய வரி வழக்கு இருந்தது. ஸ்மார்ட்போன் வந்ததும் பழைய செல்போன் சந்தை சரிஞ்சது. நோக்கியாவோட செல்போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனப்போ, வழக்குல முடங்கியிருந்த இந்த ஆலை மட்டும் கைமாற முடியல. ஃபோர்டு, இந்தியாவுல பத்து வருஷத்துல 200 கோடி டாலருக்கு மேல நஷ்டம்னு சொல்லி கிளம்பினது. தொழிலாளர் கொடி பிடிச்சதால மூடின கதை இல்ல, ரெண்டுமே.

அதுக்காக, கம்பெனிக்கு வேற வழியே இல்லைனும் சொல்ல முடியாது. 2017-ல கியா கார் நிறுவனம் ஆந்திராவுல அனந்தபூரைத் தேர்வு செஞ்சது. ஒவ்வொரு மாநிலமும் நிலம், மின்சாரம், வரிச் சலுகைனு ஏலம் கேட்கிற மாதிரி போட்டி போடுது. புதுசா வரப்போற கம்பெனிக்கு வழி நிறைய. அதனால அதுக்கு முன்னாடி அரசாங்கம் கொஞ்சம் குனிஞ்சுதான் பேசும்.

ஆனா, ஏற்கெனவே வந்து இறங்கின கம்பெனியோட கணக்கு வேற. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 1998-லிருந்து கார் தயாரிக்குது. அதைச் சுத்தி சீட், விளக்கு, ஒயர், பெயின்ட்னு உதிரிபாகக் கம்பெனிகள் வந்துடுச்சு. வேலை தெரிஞ்ச ஆட்கள் இருக்காங்க. துறைமுகம் பக்கத்துல. இதையெல்லாம் லாரியில ஏத்திக்கிட்டுப் போக முடியாது. சுத்தி இருக்கிற தொழில் கூட்டம் பெருசாகப் பெருசாக, கம்பெனிக்குக் கிளம்புறது கஷ்டமாகுது. பக்கத்துலயே நாலு கம்பெனி இருக்கிறதால தொழிலாளிக்கு வேற வழியும் கூடுது. "கம்பெனி ஓடிடும்"னு யாராவது சொன்னா, "எந்தக் கம்பெனி, வந்து எத்தனை வருஷமாச்சு?"னு கேளுங்க.

கட்டில் யாரோடது?

2021 டிசம்பர்ல ஒருநாள் சுங்குவார்சத்திரத்துல நெடுஞ்சாலையே ஸ்தம்பிச்சது. ஐபோன் தயாரிக்கிற ஃபாக்ஸ்கான் ஆலையில வேலை பார்த்த பெண்கள் சாலையில உட்கார்ந்துட்டாங்க. விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு 150-க்கும் மேற்பட்டவங்க மருத்துவமனையில சேர்ந்ததுதான் காரணம். அந்த விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்களோட தரத்துக்கு இல்லைனு ஆப்பிள் நிறுவனமே ஒத்துக்கிச்சு. மூடின ஆலை 2022 ஜனவரி 12-லதான் மறுபடியும் இயங்கத் தொடங்குச்சு.

அதுக்கப்புறம் மாற்றமும் வந்தது. வல்லம் வடகால்ல 18,720 பெண்கள் தங்குற மாதிரி, 706.50 கோடி ரூபாய் செலவுல சிப்காட் கட்டின பிரமாண்டமான குடியிருப்பு 2024 ஆகஸ்ட்ல திறக்கப்பட்டது. வெளிமாவட்டத்துல இருந்து வர்ற 19 வயசுப் பொண்ணுக்குப் பாதுகாப்பான கட்டில் சாதாரண விஷயமில்ல. "எங்கே தங்குவே?"ங்கிற கேள்விக்குப் பதில் இல்லாமலேயே எத்தனையோ வீடுகள்ல வேலை கனவு முடிஞ்சிருக்கு.

ஆனா, பொருளாதார நிபுணர் இன்னொரு கேள்வியும் கேட்பார். "வேலை போனா அந்தக் கட்டிலும் போயிடுமா?" வேலையும் தங்குற இடமும் ஒரே கயித்துல கட்டியிருந்தா, ஒரே நாள்ல ரெண்டும் போகும். அந்த நிலைமையில இருக்கிற பொண்ணு, சூப்பர்வைசர்கிட்ட "சாப்பாடு சரியில்ல"னு சொல்லவே யோசிப்பாள். கூடுவாஞ்சேரி, தாம்பரம் மாதிரி இடங்கள்ல தமிழக அரசு நடத்துற 'தோழி' விடுதிகளை இங்கேதான் கவனிக்கணும். அங்கே நீங்க எந்தக் கம்பெனியில வேலை பார்த்தாலும் தங்கலாம். கம்பெனி மாறினாலும் கட்டில் மாறாது. பார்க்கச் சின்ன வித்தியாசம். பேரம் பேசுறப்போ அது பெரிய பலம்.

கல்யாணமான பெண்களோட நிலைமை இன்னும் சிக்கல். 2024 ஜூன்ல, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஐபோன் ஆலையில கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காம ஒதுக்குறதா ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டுறதில்லைனு ஃபாக்ஸ்கான் மறுத்தது. மத்திய அரசு தமிழக அரசுகிட்ட அறிக்கை கேட்டது. 2023-ல நோபல் பரிசு வாங்கின கிளாடியா கோல்டின், அமெரிக்காவுல ஒரு காலத்துல ஸ்கூல்லயும் ஆபீஸ்லயும் கல்யாணமான பெண்களை வேலையை விட்டு அனுப்புற விதி பரவலா இருந்ததை விரிவா ஆராய்ச்சி செஞ்சவர். எந்த ஊரா இருந்தாலும் விளைவு ஒண்ணுதான். கல்யாணமானா கதவு மூடிடும்னா, பொண்ணுங்க 'இது நாலு வருஷ வேலைதானே'னு நினைப்பாங்க. கம்பெனியும் அவங்களுக்குப் பெருசா எதுவும் கத்துக்கொடுக்காது.

இலவசம்... யாருக்கு?

2006-ல நூறு நாள் வேலைத் திட்டம் வந்தப்போ கிராமத்துல ஒரு புலம்பல் கேட்டிருப்பீங்க. "களை எடுக்க ஆளே கிடைக்க மாட்டேங்குது." கிளெமென்ட் இம்பெர்ட், ஜான் பாப்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் இதை இந்தியா முழுக்க ஆராய்ஞ்சாங்க. அந்தத் திட்டம் நடந்த இடங்கள்ல, விவசாய வேலை குறைவான மாசங்கள்ல தனியார் கொடுக்கிற கூலியும் உயர்ந்திருந்தது. காரணம் உங்களுக்கே தெரியும். கூலிக்காரருக்கு வேற ஒரு வழி வந்தது. அதைவிடக் குறைச்சுக் கொடுத்தா யார் வருவாங்க?

2021-ல வந்த மகளிர் இலவசப் பேருந்துப் பயணத்தையும், 2023 செப்டம்பர்ல தொடங்கி ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போன 1,000 ரூபாய் உரிமைத் தொகையையும் இதே கண்ணாடி போட்டுப் பார்க்கலாம். பஸ் காசு மிச்சமானா, இன்னும் கொஞ்சம் தூரத்துல இருக்கிற கொஞ்சம் நல்ல வேலைக்குப் போக முடியும். ஆயிரம் ரூபாயை வெச்சுக் குடும்பம் நடத்த முடியாது. ஆனா, அடிமாட்டுக் கூலிக்குக் கூப்பிடுறவர்கிட்ட "வேணாம்ணே"னு சொல்ற தைரியம் கொஞ்சம் வரும்.

இதுக்கெல்லாம் செலவு இருக்கு, நிச்சயமா. அந்தக் காசுல ஒரு ஐ.டி.ஐ கட்டியிருக்கலாமேனு கேட்கிறதும் நியாயமான கேள்வி. ஆனா, கணக்குப் பார்த்தா எல்லாத்துக்கும் பார்க்கணும். 2020-ல மத்திய அரசு அறிவிச்ச உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம், செல்போன் கம்பெனிகளோட கூடுதல் விற்பனையில 4 முதல் 6 சதவிகிதம் வரை அரசுப் பணத்தைத் தந்தது. "உதிரிபாகத்தை இறக்குமதி செஞ்சு இங்கே பூட்டுறதுக்கு இவ்வளவு கொடுக்கணுமா, உண்மையில உள்நாட்டுல எவ்வளவு மதிப்பு கூடுது?"ங்கிற மாதிரி கேள்விகளை ரகுராம் ராஜன் 2023-ல எழுப்பினார். அதனாலதான் இவ்வளவு ஐபோன் ஏற்றுமதி ஆகுதுனு திட்டத்தை ஆதரிக்கிறவங்க சொல்றாங்க. ரெண்டு பக்கமும் பேசட்டும். பெண்களுக்குக் கொடுத்தா இலவசம், கம்பெனிக்குக் கொடுத்தா ஊக்கத்தொகைனு பேரை மட்டும் மாத்தி வெச்சுட்டு, ஒண்ணை மட்டும் திட்டுறதுதான் சரியான கணக்கில்ல.

வடநாட்டுத் தொழிலாளி உங்க போட்டியாளரா?

வேலைங்கிறது அளந்து வெச்ச ஒரு பானைச் சோறு, ஒருத்தர் வந்தா இன்னொருத்தருக்குக் குறையும்னு நாம நினைக்கிறோம். வர்றவங்க சாப்பிடுறாங்க, வாடகை கொடுக்கிறாங்க, ரீசார்ஜ் பண்றாங்க. ஒரகடத்துல புதுசா வந்திருக்கிற மளிகைக் கடைகளையும் ரூம் வாடகையையும் கேட்டுப் பாருங்க, தெரியும். 1980-ல கியூபாவுல இருந்து சுமார் 1,25,000 பேர் அமெரிக்காவுல மியாமி கரையில இறங்கினாங்க. அதனால உள்ளூர்க்காரங்க சம்பளம் பெருசா குறையலைனு டேவிட் கார்டு 1990-ல எழுதினார். மறுத்து எழுதினவங்களும் உண்டு, அந்த விவாதம் இன்னும் ஓடுது.

இங்கே நாம கவனிக்க வேண்டியது வேற. ஒடிசாவுல இருந்தோ பீகார்ல இருந்தோ வந்த ஒருத்தர், ஏஜென்ட்கிட்ட முன்பணம் வாங்கி, கான்ட்ராக்டர் கொடுத்த தகரக் கொட்டகையில தங்கி, ரேஷன் இல்லாம, மொழி தெரியாம இருந்தா, அவருக்கு "முடியாது"னு சொல்ல வழியே இல்ல. 12 மணி நேரம் நிக்கச் சொன்னா நிப்பார். அதே லைன்ல நிக்கிற உங்ககிட்டயும் கம்பெனி அதையே எதிர்பார்க்கும். அவருக்கு பி.எஃப், ஓ.டி காசு, ஒழுங்கான தங்குமிடம் எல்லாம் கிடைச்சா, அவரை வெச்சு உங்க சம்பளத்தைக் குறைக்க முடியாது. அவரோட உரிமைக்காகப் பேசுறது உங்க சம்பளத்தையும் காப்பாத்துற வேலைதான்.

இப்போ உங்க ஆஃபர் லெட்டரை எடுங்க

ஊர்க் கதை போதும். உங்களுக்கு வர்ற வேலையை இதே கேள்வியோட பார்க்கலாம்.

உங்க முதலாளி யார்? கேட்ல இருக்கிற பேரும், லெட்டர்ல இருக்கிற பேரும் ஒண்ணானு பாருங்க. லெட்டர்ல கான்ட்ராக்டர் பேர் இருந்தா நீங்க ஒப்பந்தத் தொழிலாளி. 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்படி நியமனக் கடிதம் கொடுத்தாகணும். வாய்வார்த்தையை நம்பிச் சேராதீங்க.

பி.எஃப் எண் உங்ககிட்ட இருக்கா? உங்க பங்கு 12 சதவிகிதம், கம்பெனி பங்கு 12 சதவிகிதம். 2014-ல வந்த யு.ஏ.என் நம்பர் கம்பெனி மாறினாலும் உங்ககூடவே வரும். வெளியேறுற செலவைக் குறைக்கிற நல்ல ஏற்பாடு அது. பணம் நிஜமாவே ஏறுதானு போன்லயே பார்த்துக்கலாம்.

ஓ.டி எவ்வளவு? சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஓ.டி சேர்த்துத்தான் குடும்பம் ஓடும்னா, அந்த அடிப்படைச் சம்பளம் போதலைனு அர்த்தம்.

கட்டிலும் சாப்பாடும் எப்படி? எவ்வளவு பிடிக்கிறாங்க, வேலையை விட்டா எத்தனை நாள்ல காலி பண்ணணும்னு முதல் நாளே கேளுங்க. கூச்சப்படாதீங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு பயோடேட்டாவுல என்ன எழுதுவீங்க? ஸ்க்ரூ மாட்டினேன்னு மட்டும் எழுத முடியும்னா உங்க மாற்று வழி வளரல. ரெண்டாவது மெஷின், தரப் பரிசோதனை, பராமரிப்புனு எதையாவது கத்துக்க வழி இருக்கானு பாருங்க. ரெண்டாயிரம் ரூபாய் குறைச்சலா இருந்தாலும் தொழில் கத்துக்கொடுக்கிற வேலைதான் அஞ்சாவது வருஷம் ஜெயிக்கும்.

இ.எம்.ஐ எவ்வளவு? முதல் சம்பளத்துலயே பைக், ஐபோன் எல்லாத்துக்கும் தவணை கட்டிட்டா, அடுத்த ரெண்டு வருஷத்துக்கு உங்களால "முடியாது சார்"னு சொல்ல முடியாது. மூணு மாசச் செலவுக்கான காசு பேங்க்ல இருந்தா, அதுதான் நீங்களே உங்களுக்குக் கட்டிக்கிற சங்கம்.

இதுல ஒரு எச்சரிக்கையும் உண்டு. தனி ஆளா நீங்க எவ்வளவு கெட்டிக்காரத்தனமா கணக்குப் போட்டாலும், சில வழிகளைத் தனியா உண்டாக்கிக்க முடியாது. கம்பெனிக்குக் கட்டுப்படாத விடுதி, கிராமத்துக்கு வர்ற பஸ், நல்ல ஐ.டி.ஐ, சங்கம் வைக்கிற உரிமை, வெளிமாநிலத் தொழிலாளிக்கு ரேஷன் இதெல்லாம் ஓட்டுப் போட்டும், சேர்ந்து கேட்டும்தான் கிடைக்கும்.

அதனால அடுத்த முறை யாராவது ஒரு திட்டத்தை ஆஹானு புகழ்ந்தாலோ, ஒரு போராட்டத்தைச் சீனு திட்டினாலோ, ஃபார்வர்ட் பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. இது யாருக்கு வழியைக் கூட்டுது? யாருக்குக் குறைக்குது? பதில் கட்சிக்குக் கட்சி மாறாது. அதைக் கண்டுபிடிச்சப்புறம் யார் பக்கம் நிக்கணும்ங்கிறது உங்க இஷ்டம்.